கோப்பு சரியாக இருக்கிறது, தார்ப்பாய் கிழிந்துவிட்டது: கொள்முதலை எங்கிருந்து திருத்துவது?

கேள்வி: வணக்கம் ஐயா. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் பர்ச்சேஸ் பார்த்துவந்தேன். இப்போது கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில், ஒரு சர்வதேச அமைப்பின் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வளாகத்திலும் பக்கத்துத் தெருவிலுமாக இதே போன்ற அமைப்புகள் ஐந்து இருக்கின்றன. டீசல், ஜெனரேட்டர் பராமரிப்பு, காவலாளிகள், தார்ப்பாய் என்று எல்லாரும் வாங்குவது ஒன்றுதான். ஆனால் ஐந்து பேரும் தனித்தனியாக டெண்டர் விடுகிறோம். போன மழைக்காலத்துக்கு நாங்கள் வாங்கிய தார்ப்பாய்கள் சில வாரங்களிலேயே கிழிந்துவிட்டன. விதிப்படி எல்1-க்குத்தான், அதாவது எல்லாரையும்விடக் குறைந்த விலை போட்டவருக்குத்தான் கொடுத்தோம். ஆடிட்டில் ஒரு குறிப்புகூட வரவில்லை. இப்போது கொள்முதலை மேம்படுத்துவது பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் அலுவலகத் தலைவர். இன்னொரு கமிட்டி வைத்து விதிகளை இறுக்க வேண்டும் என்பது என் மேலதிகாரியின் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. இவ்வளவு கீழே இருக்கும் நான் எழுதினால் ஏதாவது மாறுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ஆடிட்டில் ஒரு குறிப்புகூட வரவில்லை என்பதுதான். தார்ப்பாய் கிழிந்தது, அதன் கீழே இருந்த குடும்பங்கள் நனைந்தன, கோப்பு மட்டும் சுத்தமாக இருக்கிறது. இந்தத் துறையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்வதேச அமைப்புகளின் கொள்முதலில் நான் அதிகம் பார்த்த நோய் இதுதான். நம் விதிகளில் பெரும்பகுதி டெண்டர் பெட்டியையும் உறை பிரிக்கும் மேசையையும் சுற்றி எழுதப்பட்டவை. எத்தனை நாள் அவகாசம், யார் முன்னிலையில் பிரிப்பது, யார் கையெழுத்து என்று எல்லாம் அங்கே இருக்கிறது. சரக்கு கெடுவது பெரும்பாலும் அந்த மேசையில் இல்லை. அதற்கு முன்னால், என்ன பொருள் வேண்டும் என்று கேட்கும் இன்டென்ட் எழுதும்போது கெடுகிறது. அல்லது அதற்குப் பின்னால், லாரி குடோன் வாசலுக்கு வரும்போது கெடுகிறது. உங்கள் குறிப்பு அந்த இரண்டு இடங்களைப் பற்றியதாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் மேலதிகாரியின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். விதிகளை இறுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐ.நா. தலைமையகத்தில் கொள்முதல் அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் யாகவ்லெவ் 2005 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே முன்பு கொள்முதல் பொறுப்பில் இருந்த சஞ்சய பாஹெலும் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று 2007-இல் தீர்ப்பானது. அந்த வருடங்களில் இந்தத் துறையில் இருந்த எல்லாருக்கும் அது தலைகுனிவு. கமிட்டிகளும் படிவங்களும் பெருகியதில் அந்த அதிர்ச்சிக்குப் பங்கு உண்டு. அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

ஆனால் அதே காலத்து இன்னொரு வழக்கை அவருக்கு நினைவூட்டலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஈராக் எண்ணெய் விற்ற பணத்தில், ஐ.நா. மேற்பார்வையில் உணவும் மருந்தும் வாங்கிய ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டத்தை விசாரித்த பால் வோல்க்கர் குழு, 2005 அக்டோபரில் கடைசி அறிக்கையைக் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஈராக் அரசுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கட்டியிருந்தன. ‘விற்பனைக்குப் பிந்தைய சேவைக் கட்டணம்’ என்ற பெயரில், வழக்கமாகப் பத்து சதவீதம், பொருளின் விலையிலேயே ஏற்றப்பட்டது. அந்த ஒப்பந்தங்கள் எல்லாம் யாரும் பார்க்காமல் போனவை அல்ல. ஐ.நா. அலுவலகம் பார்த்தது, பாதுகாப்பு அவையின் கமிட்டியும் பார்த்தது. பார்த்தவர்கள் பார்த்தது காகிதத்தை. இந்தக் கோதுமைக்கும் இந்த லாரிக்கும் வெளிச்சந்தையில் என்ன விலை என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டிருந்தால், அந்தப் பத்து சதவீதம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிய வாய்ப்பு இருந்திருக்கும். இன்னொரு கமிட்டி வைத்தால் இன்னும் நான்கு பேர் அதே காகிதத்தைப் பார்ப்பார்கள். சந்தை விலையை எடுத்துவைக்க ஓர் ஆளுக்கு ஒரு வாரம் கொடுத்தால், அதில் பலன் அதிகம்.

சரி, தார்ப்பாய்க்கு வருவோம். நீங்கள் திருப்பூர்க்காரர் என்பதால் இது சுலபம்.

உங்கள் டெண்டர் ஆவணத்தை எடுத்து, தார்ப்பாய்க்கு என்ன எழுதியிருந்தீர்கள் என்று பாருங்கள். ‘நல்ல தரமான, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தார்ப்பாய், 4 × 5 மீட்டர்’ என்ற அளவில் ஒரு வரி இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த வரிக்கு எல்1 என்றால், சந்தையில் கிடைப்பதிலேயே மெல்லிய தார்ப்பாய்தான் வரும். வேறு எதுவும் வர வழியில்லை. கனமான சரக்கு வைத்திருப்பவர் விலையில் தோற்றுப்போவார், அடுத்த தடவை அவர் டெண்டரே போட மாட்டார். அகதிகளுக்கான ஐ.நா. ஆணையமும் செஞ்சிலுவை இயக்கமும் பல காலம் சோதித்துப் பார்த்து ஒரு விவரக்குறிப்பை வைத்திருக்கின்றன. நடுவில் கருப்பு நெசவு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூச்சு, கயிறு கட்டும் இடங்களில் தனியாகக் கெட்டிப்படுத்திய பட்டைகள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், எந்தத் திசையில் எவ்வளவு இழுவை தாங்க வேண்டும், வெயிலில் எவ்வளவு நேரம் வைத்த பிறகு எவ்வளவு பலம் மிச்சமிருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. நெசவு கருப்பாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வெளிச்சம் ஊடுருவாது, இரவில் உள்ளே விளக்கு ஏற்றினால் குடும்பத்தின் நிழல் வெளியே தெரியாது. ஒரு வரி இன்டென்டில் இதெல்லாம் வராது. ஆனால் அது ஏற்கனவே எழுதப்பட்டு, கேட்பவர் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அலுவலகம் அதை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

விவரக்குறிப்பு நன்றாக எழுதிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சரக்கு வந்ததும் யார் பார்த்தார்? குடோன் பொறுப்பாளர் எண்ணிக்கையைச் சரிபார்த்து, ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மேல் தவறு இல்லை, அவரிடம் கருவி எதுவும் கொடுக்கவில்லை. உங்களுக்கு ஜிஎஸ்எம் கட்டர் தெரியும். திருப்பூரில் ஃபேப்ரிக் செக் பண்ணும் மேசை எதிலும் அது இருக்கும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சின்னத் தராசில் வைக்க வேண்டியதுதான். இரண்டு கிராம் வந்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம். 1.6 வந்தால் 160. மூலை, நடு, ஓரம் என்று நான்கைந்து இடத்தில் வெட்டிப் பார்த்தால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அப்புறம் கயிற்றுக் கண்ணில் ஒரு கயிற்றைக் கட்டி, தெரிந்த எடை ஒன்றைத் தொங்கவிட்டு, பிய்கிறதா என்று பாருங்கள். பத்து பண்டலுக்கு ஒன்று என்று எடுத்தாலும் அரை நாள் வேலை. ஆய்வகச் சோதனைக்கு இது மாற்று இல்லை. ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கு எது என்பதை இதுவே காட்டிக்கொடுக்கும். எடை குறைந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஷரத்தும், எந்த முறையில் சோதிப்போம் என்பதும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். சோதிப்பார்கள் என்று தெரிந்தால், மெல்லிய சரக்கு வைத்திருப்பவர் விலை போடும்போதே யோசிப்பார்.

சரக்கு வரும்போது சோதிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொசுவலை ஓர் உதாரணம். பூச்சிமருந்து ஊட்டிய நீடித்த கொசுவலைகளைச் சர்வதேச அமைப்புகள் கோடிக்கணக்கில் வாங்குகின்றன. 20 சலவைக்குப் பிறகும், மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் வலையில் மருந்தின் வீரியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவுகோல். அந்த அங்கீகாரம் பெற்ற வலையைத்தான் வாங்குவார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் பாப்புவா நியூ கினியில் ஆராய்ச்சியாளர்கள் புதிய, பிரிக்காத வலைகளை எடுத்துச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. 2013-க்கு முன் தயாரான வலைகள் கொசுவைக் கொன்றன. 2013 முதல் 2019 வரை தயாரானவற்றில் பெரும்பாலானவை எதிர்பார்த்த அளவுக்குக் கொல்லவில்லை. அங்கீகாரம் ஒரு தடவை கொடுத்தது, சரக்கோ வருடா வருடம் வருகிறது. இடையில் தயாரிப்பில் எது மாறினாலும் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது. மலேரியா உள்ள கிராமத்தில் ஒரு தாய் அந்த வலையை நம்பித்தான் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வலையிலேயே இன்னொரு பாடமும் உண்டு. ஒரு வலை என்ன விலை என்று மட்டும் கேட்டு வாங்கினால், இரண்டு வருடத்தில் கிழியும் வலையும் நான்கு வருடம் உழைக்கும் வலையும் டெண்டரில் ஒன்றுதான். வலையின் விலையை அது உழைக்கும் வருடத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று இத்துறையினர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். கள ஆய்வு இல்லாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது என்பதால் அது நடைமுறைக்கு வருவது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் ஜெனரேட்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும் என்பது தயாரிப்பாளரின் தாளிலேயே இருக்கிறது. ஐந்து வருட டீசல் செலவைக் கூட்டிப் பாருங்கள், வாங்கும் விலை அதன் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். உலக வங்கி 2016 ஜூலையில் கொண்டுவந்த புதிய கொள்முதல் முறையின் சாரம் இதுதான். மலிவான டெண்டரை மட்டும் தேடாதே, கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார் என்றது அது. திட்டம் தொடங்கும்போதே கொள்முதல் உத்தி ஒன்றை எழுதச் சொன்னது. சந்தை எப்படி இருக்கிறது, எத்தனை சப்ளையர்கள், எங்கே ஆபத்து என்று முதலில் எழுது, டெண்டர் முறையை அப்புறம் முடிவு செய் என்பது நல்ல ஒழுங்கு. நம்பமுடியாத அளவுக்குக் குறைந்த விலை வந்தால், அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று சப்ளையரிடம் விளக்கம் கேட்கவும் அது வழி வைத்தது. பிறகு 2023 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான சர்வதேச டெண்டர்களில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடுவதைக் கட்டாயமாக்கியது. உங்கள் அமைப்பின் கையேட்டிலும் இதற்கு இடம் இருக்கும், தேடிப் பாருங்கள். ஐ.நா. குடும்பத்து அமைப்புகளின் விதிகளில் ‘பணத்துக்கு ஏற்ற சிறந்த மதிப்பு’ என்பது முதல் கொள்கைகளில் ஒன்று. எல்1-க்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பது, பல அலுவலகங்களில் விதியைவிடப் பழக்கமாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விலையை மட்டும் பார்க்கும் முறையிலும்கூட, விவரக்குறிப்புக்குப் பொருந்திய டெண்டர்களுக்குள் குறைந்தது என்பதுதான் கணக்கு. பொருந்தியதா என்பதைப் பார்க்கும் வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது நாள்காட்டி. மார்ச் முதல் மே வரை உங்கள் பகுதியில் பெருமழை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, தார்ப்பாய்க்கான இன்டென்ட் எந்த மாதம் உங்கள் மேசைக்கு வந்தது? பிப்ரவரி என்றால், அந்த டெண்டர் தோற்றுவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கப்பலில் கொண்டுவர நேரம் இல்லை, ஊரில் கையிருப்பு வைத்திருக்கும் இரண்டு மூன்று கடைக்காரர்களைத் தவிர யாரும் போட்டிபோட முடியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி கோயம்பேட்டுக்குப் போனால் பூக்காரர் சொல்வதுதான் விலை. டிசம்பரிலும் இதே கதைதான். நன்கொடையாளர் பணம் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும் என்பதற்காகக் கடைசி மூன்று வாரத்தில் லேப்டாப்பும் நாற்காலியுமாக வாங்கிக் குவிப்பார்கள். கோப்பில் ‘அவசரம்’ என்று எழுதி விதிவிலக்கு வாங்குவார்கள். நிஜமான அவசரத்துக்கு வழி இல்லாமல் இல்லை. துபாய், பிரிந்திசி, அக்ரா போன்ற இடங்களில் ஐ.நா.வின் அவசரக் கிடங்குகள் இருக்கின்றன. கோபன்ஹேகனில் யூனிசெஃபின் பெரிய கிடங்கு இருக்கிறது. பூகம்பம் வந்த மறுநாள் சரக்கு விமானத்தில் ஏறுவதற்காகவே அவை இருக்கின்றன. வருடா வருடம் வரும் மழையைப் பூகம்பம் போலக் காட்டக் கூடாது. திட்டப் பிரிவினர் ஒவ்வொருவரும் அடுத்த வருடத் தேவையை நவம்பருக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவசர விதிவிலக்கு எத்தனை தடவை, எந்தப் பிரிவு கேட்டது என்ற பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை அலுவலகத் தலைவர் மேசைக்குப் போக வேண்டும் என்று உங்கள் குறிப்பில் எழுதுங்கள். இந்த ஒரு பட்டியல் பல கமிட்டிகளின் வேலையைச் செய்யும்.

இனி, ஐந்து அமைப்புகள், ஐந்து டெண்டர். இதை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. ஐ.நா. குடும்பத்து அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 2021-இல் வாங்கிய பொருள், சேவைகளின் மதிப்பு கிட்டத்தட்ட 2,960 கோடி டாலர். இவ்வளவு பெரிய வாங்குபவர், ஒரே தெருவில் ஐந்து சின்ன வாங்குபவராகப் பிரிந்து நின்று டீசலுக்கு விலை கேட்கிறார். அதே காவலாளி கம்பெனி ஐந்து அலுவலகத்துக்கும் ஐந்து விலை சொல்கிறது.

இதற்கு விதி தடையா என்றால், இல்லை. 2018-இல் ஐ.நா. அமைப்புகள் பலவற்றின் தலைவர்கள் பரஸ்பர அங்கீகார அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். ஓர் அமைப்பு தன் விதிப்படி டெண்டர் விட்டுச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, இன்னொரு அமைப்பு மறுபடி டெண்டர் விடாமல், மறுபடி ஆராயாமல் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அதற்கு முன்பும் இது நடக்காமல் இல்லை. நம் ஊரில் ரேட் கான்ட்ராக்ட் என்று சொல்வோமே, அதையே அங்கே நீண்டகால ஒப்பந்தம் என்கிறார்கள். அவற்றை அமைப்புகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது பற்றி ஐ.நா.வின் கூட்டு ஆய்வுப் பிரிவு 2013-இலேயே தனியாக ஓர் அறிக்கை எழுதியது. கதவு திறந்து பல வருடமாகிறது. உள்ளே போக ஆள் தயங்குகிறது. ‘அவர்கள் கோப்பில் ஏதாவது ஓட்டை இருந்தால் ஆடிட்டில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்’ என்ற பயம்தான் தடை. நியாயமான பயம்தான். அதைத் தனியாள் தலையில் விடாமல், அலுவலகத் தலைவர் எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் குறிப்பில் நீங்கள் கேட்கும் ஒரே பெரிய விஷயம் அந்தக் கையெழுத்தாக இருக்கட்டும்: பக்கத்து அமைப்பின் ஒப்பந்தத்தை அங்கீகார அறிக்கையின்படி பயன்படுத்தினால், அது அலுவலகத்தின் முடிவு, கொள்முதல் அலுவலரின் தனிப்பட்ட முடிவு அல்ல. ஐந்தில் ஏதாவது ஒன்று ஐ.நா. குடும்பத்தைச் சேராத அமைப்பாக இருந்தால் அதற்கு இந்த அறிக்கை பொருந்தாது, அவர்களோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அதையும் எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டீசல், காவல், இணைய இணைப்பு, ஜெனரேட்டர் பராமரிப்பு, வாகனச் சர்வீஸ் இவற்றைச் சேர்க்கலாம். அச்சு வேலை, கூட்டத்துக்குச் சாப்பாடு, மேசை நாற்காலி பழுது போன்றவற்றை அந்தந்த அலுவலகத்துக்கே விடுங்கள். ஐந்து அலுவலகம் சேர்ந்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் தெருமுனை அச்சகக்காரர் காணாமல் போவார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெரிய கம்பெனி விலையை ஏற்றும்போது மாற்று ஆள் இருக்க மாட்டார்.

சந்தையில் ஆள் மிஞ்ச வேண்டும் என்ற இந்த விஷயத்தை யூனிசெஃப் தடுப்பூசியில் கையாண்ட விதம் நம் எல்லாருக்கும் பாடம். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியைத் தொடக்கத்தில், 2001 வாக்கில், ஒரே நிறுவனம்தான் கொடுத்தது. ஒரு டோஸ் மூன்று டாலருக்கு மேல். பிறகு இந்திய நிறுவனங்கள் உள்பட மற்றவர்கள் வந்தார்கள். யூனிசெஃப் முழு ஆர்டரையும் மலிவானவரிடம் தூக்கிக் கொடுக்கவில்லை. சில வருடங்களுக்கான தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லி, பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. 2010-இலும் 2011-இலும் இரண்டு இந்திய நிறுவனங்களின் பென்டாவேலன்ட் தரக் காரணங்களால் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அப்போதும் வாங்குவதற்கு வேறு நிறுவனங்கள் இருந்தன. 2016 அக்டோபரில், அடுத்த மூன்று வருடங்களுக்குச் சராசரி விலை 84 சென்ட் என்று யூனிசெஃப் அறிவித்தது. மிரட்டிக் குறைத்த விலை இல்லை அது. எவ்வளவு வாங்குவோம் என்று நம்பும்படிச் சொன்னதால் நிறுவனங்கள் ஆலையை விரிவாக்கின, போட்டி வந்தது, விலை இறங்கியது. உங்கள் அளவில் இதைச் செய்வது எப்படி? ஐந்து அமைப்பும் சேர்ந்து அடுத்த இரண்டு வருடத்துக்கு எத்தனை தார்ப்பாய் தேவைப்படும் என்று ஒரு தாளில் கூட்டுங்கள். இரண்டு சப்ளையர்களோடு நீண்டகால ஒப்பந்தம் போடுங்கள், அறுபதுக்கு நாற்பது என்று பிரித்து. ஒருவர் சறுக்கினால் மற்றவர் இருப்பார்.

சப்ளையர்கள் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. உங்கள் ஊர்க் கடைக்காரர் விலை கூடுதலாகச் சொல்வதற்கு ஒரு காரணம், நீங்கள் பணம் கொடுக்கும் வேகம். முப்பது நாளில் பணம் என்று ஒப்பந்தத்தில் போட்டுவிட்டுத் தொண்ணூறாம் நாள் கொடுத்தால், அந்த அறுபது நாள் வட்டியை அவர் அடுத்த டெண்டரில் ஏற்றத்தான் செய்வார். பில் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பாருங்கள். அப்புறம், தோற்றவருக்குக் காரணம் சொல்லுங்கள். உலக வங்கியின் முறையில், பெரிய டெண்டர்களில் யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் பத்து வேலை நாள் காத்திருந்துதான் ஒப்பந்தம் போடுகிறார்கள். கேள்வி இருப்பவர் அதற்குள் கேட்கலாம். உங்கள் சின்ன டெண்டருக்கு அவ்வளவு வேண்டாம். ‘உங்கள் தார்ப்பாயின் எடை இவ்வளவு குறைந்தது’ என்று ஒரு மெயில் போதும். காரணம் தெரிந்தால் அடுத்த முறை சரியான சரக்கோடு வருவார். தெரியாவிட்டால், உள்ளே யாருக்கோ கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று முடிவுகட்டிவிடுவார். ஊழலுக்கு முதல் வாசல் அந்த நினைப்புதான்.

ஊழலைத் தடுப்பதிலும் சேர்ந்து செய்வதே வலு. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நிதி கொடுக்கும் குளோபல் ஃபண்ட் 2013 நவம்பரில் ஒரு விசாரணை முடிவை வெளியிட்டது. கம்போடியாவில் இரண்டு சர்வதேசக் கொசுவலை நிறுவனங்கள் அரசு அதிகாரிகள் இருவருக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் கமிஷன் கொடுத்திருந்தன. உலகம் முழுக்க வலை விற்கும் நிறுவனங்கள் அவை. ஒரு நாட்டில் தப்பு செய்தவரை அடுத்த நாட்டு அலுவலகம் தெரியாமல் வரவேற்றால் தண்டனைக்குப் பொருள் இல்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய மறுகட்டமைப்பு வங்கி, அமெரிக்கக் கண்டத்து வளர்ச்சி வங்கி ஆகிய ஐந்தும் இதற்காகத்தான் 2010 ஏப்ரலில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒரு வங்கி ஒரு வருடத்துக்கு மேல் தடைசெய்த நிறுவனத்தை மற்ற நான்கும் தடைசெய்யும். உங்கள் ஐந்து அலுவலகத்துக்கு அவ்வளவு பெரிய உடன்பாடு தேவையில்லை. சப்ளையர் சரக்கைத் தாமதமாகக் கொடுத்தாரா, எடை குறைந்ததா, திருப்பி எடுத்துக்கொண்டாரா என்ற விவரத்தை எல்லாரும் பார்க்கும்படி ஒரே எக்செல் தாளில் வையுங்கள். அபிப்பிராயம் எழுதாதீர்கள். தேதி, எண்ணிக்கை, கிராம் மட்டும். அபிப்பிராயம் எழுதினால் நாளை அவதூறு என்று பிரச்சினை வரும்.

இவ்வளவு கீழே இருப்பவர் எழுதினால் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொள்கைக் கையேடு மாறாது, அதை மாற்றச் சொல்லவும் வேண்டாம். நான் மேலே சொன்ன எதற்கும் விதியைத் திருத்தத் தேவையில்லை. விவரக்குறிப்பை எடுத்துக்கொள்வது, குடோனில் சோதிப்பது, நவம்பரில் திட்டம் கேட்பது, பக்கத்து ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவது எல்லாம் இப்போதுள்ள விதிக்குள் அடங்கும். அதனால் இரண்டு பக்கத்தில் பொதுவாக எதுவும் எழுதாதீர்கள். முதல் பக்கம் முழுக்கத் தார்ப்பாய்க் கதையைத் தேதி வாரியாகச் சொல்லுங்கள்: இன்டென்ட் வந்த தேதி, அதில் இருந்த வரி, டெண்டர் போட்டவர்கள் எத்தனை பேர், விலை, சரக்கு வந்த தேதி, கிழிந்ததாக முதல் தகவல் வந்த தேதி, மறுபடி வாங்கிக் கொடுக்க ஆன செலவு. மிச்சமிருக்கும் பண்டலில் ஒன்றை வெட்டி எடைபோட்டு அந்த கிராமையும் எழுதுங்கள். முதல் விலையையும் மறுபடி வாங்கிய செலவையும் கூட்டினால் எல்1 உண்மையில் என்ன விலைக்கு வந்தது என்று தலைவருக்கே தெரியும். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், உங்கள் மேலதிகாரியின் பெயர் எங்கும் வரக் கூடாது. இரண்டாம் பக்கத்தில் மூன்றே கோரிக்கை: தராசும் கட்டரும் வாங்க அனுமதி, நவம்பர் திட்டத்துக்கு ஒரு சுற்றறிக்கை, பக்கத்து ஒப்பந்தங்களைப் பயன்படுத்த அந்தக் கையெழுத்து.

அனுப்புவதற்கு முன் மேலதிகாரியிடம் காட்டுங்கள், அவர் வழியாகவே போகட்டும். கமிட்டி வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், அந்தக் கமிட்டி குடோனில் கூடட்டும் என்று கேளுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நான் முதலில் போவது காவலாளி ஒப்பந்தத்துக்குத்தான். ஐந்து அமைப்பின் கொள்முதல் ஆட்களையும் ஒரு நாள் டீக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ஆள் எந்தக் கம்பெனிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மட்டும் கேளுங்கள். யாருடையது நல்ல ஒப்பந்தம் என்று அங்கேயே தெரிந்துவிடும். உங்களுடையது எப்போது முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள். புதிய டெண்டருக்குப் பதிலாக அவர்கள் ஒப்பந்தத்தில் சேர்வதற்கான கடிதத்தை எப்படி எழுதுவது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.